அணுவுக்குள் வெற்றிடம் என்றால் யானைமலைப் பாறை நம்மை எப்படித் தாங்குகிறது?

அணுவில் பெரும்பகுதி வெற்றிடம்தானே, பிறகு மதுரை யானைமலைப் பாறையில் கால் ஏன் புதைவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘வெற்றிடம்’ என்ற சொல்தான் குழப்புகிறது. அங்கே எலக்ட்ரான்கள் மேகம்போலப் பரவியிருக்கின்றன. ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது பாதிக் கதை. ஒரே குவாண்டம் நிலையில், அதாவது இடம், ஆற்றல், சுழற்சி எல்லாம் ஒன்றாக அமைந்த நிலையில், இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பது 1925-இல் இயற்பியலாளர் பவுலி சொன்ன விதி. பாதத்தின் அணுக்கள் பாறைக்குள் நுழைய வேண்டுமானால் எலக்ட்ரான்கள் உயர் ஆற்றல் நிலைக்கு ஏற வேண்டும். நம் எடைக்கு அந்தத் தெம்பு கிடையாது. இந்த விதி இல்லாவிட்டால் திடப்பொருளே நிலைக்காது என்று 1967-இல் இயற்பியலாளர்கள் டைசனும் லெனார்டும் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

அப்புறம், பாறையும் துளியூண்டு அமுங்கத்தான் செய்கிறது. அமுங்கிய பிணைப்புகள் ஸ்பிரிங் மாதிரி மேலே தள்ளும். 60 கிலோ ஆள் நின்றால் அப்படித் தள்ளும் விசை சுமார் 590 நியூட்டன், அதாவது அவர் எடைக்குச் சமம். சரி, வைகை மணலில் மட்டும் கால் புதைகிறதே? அங்கே மணல்துகள்கள் உடைவதில்லை, ஒதுங்கி வழிவிடுகின்றன.