ஆமென் போட்ட பஸ்

கேள்வி: நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டியின் 'ஷஃபரிங் அண்ட் ஷ்மைலிங்' மதத்தையும் அரசையும் எதிர்த்த ஆல்பம் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பிடித்துக் கேட்டேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே பாட்டு, அதில் பாதி வெறும் தாளமும் சாக்ஸபோனும். எதிர்ப்பு எங்கே இருக்கிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பஸ்ஸில் இருக்கிறது.

1980-களில் மூன்று வருடம் நைஜீரியாவில் லாகோஸ் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வண்டி வராது. மார்க்கெட்டுக்குப் போக மொலுவேதான். லாரி சேஸிஸில் தகரக் கூடு கட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்புக் கோடு போட்ட பஸ். இறங்க வேண்டுமென்றால் 'ஓ வா' என்று கத்த வேண்டும். (முதல் நாள் யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.) அந்த நெரிசலுக்குள் ஒருவர் பைபிளோடு எழுந்து பிரசங்கத்தை ஆரம்பிப்பார். இங்கே படுகிற பாடெல்லாம் கொஞ்ச நாள்தான், பரலோகத்தில் எல்லாம் கிடைக்கும் என்பார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, மொத்த பஸ்ஸும் 'ஆமென்' சொல்லும். அவர் இறங்கினதும் பல்வலி மருந்து விற்கிறவர் ஏறுவார்.

1978-ல் வந்த அந்தப் பாட்டில் இருப்பது இதே பஸ்தான். 49 பேர் உட்கார்ந்து, 99 பேர் நின்று, டப்பா மீன் மாதிரி அடைந்து, மயங்கி விழுந்து எழுந்து வீடு போய்ச் சேர்ந்தால் தண்ணீர் இல்லை, கரன்ட் இல்லை. ரோட்டில் போலீஸ் அறைகிறது, ராணுவம் சாட்டையால் அடிக்கிறது. அதற்கு முன்னாலேயே 'உலகத்தில் கஷ்டப்படு, மோட்சத்தில் அனுபவி' என்று பாடிவிடுகிறார். அந்த வரிகளுக்குப் பின்பாட்டுப் பெண்கள் போடுவது என்ன தெரியுமா? 'ஆமென்'. அல்லாவை அழைக்கிற வரிக்கும் அதே ஆமென். ஆர்ச்பிஷப்பும் போப்பும் இமாமும் சுகமாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகிறார். கோபம் கடவுள் மேல் இல்லை, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் பொறுக்காதவர்கள் மேல்.

ஆமென் எங்கே விழும் என்று ஃபேலாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தாத்தா ஆங்கிலிக்கன் பாதிரியார். யொரூபா கீர்த்தனைகளை 1922-லேயே லண்டனில் பாடி இசைத்தட்டாகப் பதிந்தவர். அப்பாவும் பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியரும்கூட.

அப்புறம், அந்தத் தாளத்தைத் தள்ளிவிட்டுக் கேட்காதீர்கள். டிரம்ஸில் டோனி ஆலன். உங்கள் கால் தானாக ஆட ஆரம்பித்த பிறகுதான் மனிதர் வாயைத் திறக்கிறார். ஆடிக்கொண்டிருக்கும்போதே, நாம் எதற்கு ஆடுகிறோம் என்று உறைக்கும்.

கேள்வி: அம்மாவின் சவப்பெட்டியை ராணுவத் தலைமையகத்துக்கே கொண்டுபோனார் என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: நிஜம். அந்த அம்மா சாதாரணப் பெண்மணி இல்லை. ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. அபெயோகுட்டாவில் சந்தைப் பெண்களைத் திரட்டி வரிக்கு எதிராகப் போராடி, 1949-ல் அந்த ஊர் ராஜாவையே கொஞ்ச காலம் பதவியை விட்டு இறங்க வைத்தவர். ஃபேலா தன் வீட்டைக் 'கலகுட்டா குடியரசு' என்று அறிவித்திருந்தார். ராணுவத்தை, சொன்னதைச் செய்யும் நடைபிணங்கள் என்று கிண்டலடித்து 'ஸோம்பி' பாடியிருந்தார். 1977 பிப்ரவரி 18-ல் சுமார் ஆயிரம் சிப்பாய்கள் வந்து வீட்டைக் கொளுத்தினார்கள். 76 வயது அம்மாவை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் அவர் இறந்தார். விசாரணையில் அரசு கண்டுபிடித்த குற்றவாளி: 'அடையாளம் தெரியாத சிப்பாய்'. அதையும் தலைப்பாக வைத்து ஃபேலா ஒரு பாட்டு போட்டார், விடவில்லை.

நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் ஒபசாஞ்சோ ஆட்சியை ஒப்படைப்பதற்கு முதல் நாள், 1979 செப்டம்பர் 30-ல், ஃபேலா சவப்பெட்டியோடு ராணுவத் தலைமையகமான டோடன் பாரக்ஸ் வாசலுக்குப் போனார். 1981-ல் வந்த 'காஃபின் ஃபார் ஹெட் ஆஃப் ஸ்டேட்' அந்தக் கதைதான். அதையும் ஜெபத்தில்தான் ஆரம்பிக்கிறார்: இயேசுவின் பெயரால் ஒன்று, அல்லாவின் அருளால் ஒன்று. இரண்டையும் சொல்லிக்கொண்டே ஆட்சியில் இருப்பவர்கள் செய்கிற அக்கிரமத்தை அடுக்குவார். முதல் பாட்டைவிட இது வலிக்கும். ராத்திரி தனியாகக் கேட்க வேண்டாம்.

கேள்வி: ஒரே நாளில் 27 பெண்களைக் கல்யாணம் செய்தவரா சமூக அநீதியைப் பற்றிப் பேசுவது?
– வாசகி, மதுரை

பதில்: 1978-ல் செய்தார். அவர்களில் பலர் அவருடைய குழுவில் பாடியவர்களும் ஆடியவர்களும்தான். அந்த ஆமென் யார் குரல் என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்தும். பெண்களைப் பற்றி அவர் பாடிய 'லேடி'யைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும்.

எங்கள் வீட்டில் அவர் கேசட் ஓடினால் என் மனைவி கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.