பழைய கண்டாங்கியில் குயில்ட் தைக்க எந்த நூல் நல்லது? பாதியில் நிற்பதை எப்படி முடிப்பது?

கேள்வி: மாமியாரின் பழைய கண்டாங்கிச் சேலைகளைச் சதுரமாக வெட்டி இணைத்து, பேரப்பிள்ளைக்கு விரிக்க ஒரு குயில்ட் தைக்கிறேன். மேல்துணி முக்கால்வாசி முடிந்தது. மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. என்ன நூல் வாங்கலாம்? அடிப்பக்கம், ஓரம் எல்லாம் எப்படி முடிப்பது?

பதில்:

காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டும் பாவாடையும்தான் சோறு போடுகின்றன. ஆனாலும் கொஞ்ச காலமாக ஒட்டுத்துணி வேலையும் வருகிறது. வீட்டுப் பெட்டிகளைத் திறந்தால் உடுத்தவும் முடியாத, தூக்கிப் போடவும் மனசு வராத கண்டாங்கிகள் கிடக்கின்றனவே, அவைதான் காரணம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு புதுக் கண்டாங்கிக்கு மவுசு கூடியிருக்கிறது. பழசுக்கு இந்த வழிதான்.

துண்டுகளை இணைக்க ஒரு நூல், மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க வேறு நூல் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே கோனில் இரண்டையும் தைத்துவிடலாம்தான். ஆனால் ஒன்று இணைப்பு தடித்துப் போகும், இல்லாவிட்டால் மேல்தையல் எடுப்பாக இருக்காது.

இணைக்கிற நூல் கண்ணில் படவே கூடாது. கால் அங்குலம் விட்டுத்தான் இணைக்கிறோம். நூல் தடித்திருந்தால் அயர்ன் போடும்போது மடிப்பு அதன்மேல் ஏறி இறங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் இம்மி இம்மியாகத் துணி குறைந்து, வரிசை முடியும்போது பக்கத்து வரிசையின் மூலையோடு சேராமல் நிற்கும். கண்டாங்கி ஏற்கெனவே தடித்த நெசவு. அதனால் மெல்லிய பருத்தி நூல்தான் இதற்குச் சரி: வெளிநாட்டுக் கோன் என்றால் 50 என்று போட்ட இரண்டு புரி நூல். எண் கூடினால் நூல் மெலிசு. சில கண்டுகளில் போட்டிருக்கும் டிக்கெட் எண்ணும் அப்படியே. டெக்ஸ் என்று போட்டிருந்தால் மட்டும் தலைகீழ், ஏனென்றால் அது 1000 மீட்டர் நூலின் எடை கிராமில்; எண் கூடினால் தடிமன். அதோடு, அதே 50-லேயே மூன்று புரி நூல் இரண்டு புரியைவிடத் தடிப்பாக இருக்கும். எண்ணை மட்டும் நம்பாமல் விரலில் உருட்டிப் பாருங்கள்.

"பாலியெஸ்டர் நூல் பருத்தியை அறுத்துவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கத்தி மாதிரி ஒரேயடியாக அறுத்துவிடாது. ரெடிமேட் பருத்திச் சட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில் தைத்தவைதானே, அவை என்ன மறுநாளே கிழிந்துவிடுகின்றனவா? பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை விரிப்பைப் பிடித்து இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் விட்டால் மறுபடி தைத்துவிடலாம். நூல் இரும்பு மாதிரி நின்று துணி கிழிந்தால், அந்தத் துணிக்கு எங்கே போவது? அதனால் புதுத் துணி என்றால் பாலியெஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். பழைய சேலைக்குப் பருத்திதான். கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு நூல் எதற்கும் வேண்டாம். சூடான அயர்ன் பட்டால் இளகும், நாளானால் மஞ்சளடிக்கும், நுனி குத்தும்.

கடையில் "காட்டன்தான்" என்று கொடுப்பதெல்லாம் காட்டன் இல்லை. ஒரு முழம் வாங்கி வந்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, நுனியில் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். பிறகு அதே நூலைக் கறுப்புத் துணிமேல் நீட்டி வெளிச்சத்தில் பாருங்கள். பஞ்சு பஞ்சாக மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். அந்தப் பஞ்சு முழுக்க பாபின் கூட்டுக்குள்தான் போய் அடையும். மெர்சரைஸ் செய்த நூலில் இது குறைவு. காஸ்டிக் சோடாவில் முக்கி எடுக்கிற முறை, ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850-இல் காப்புரிமை வாங்கியது. நூலுக்குப் பலமும் சாயம் பிடிக்கிற தன்மையும் கூடும். சிவப்பு, அரக்கு நூல் வாங்கினால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்காமல் தைக்காதீர்கள்.

பழைய நூல்கண்டுகளையும் நம்ப வேண்டாம். ஆச்சி ஒருவர் பிஸ்கட் டப்பா நிறைய மரக்கட்டையில் சுற்றிய நூல் கொண்டுவந்தார். "தம்பி, இதெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. இப்ப காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றார். "நீங்களே இழுத்துப் பாருங்க ஆச்சி" என்றேன். ஒரு சாண் நீளத்தை இரண்டு கையிலும் பிடித்து இழுத்தார். சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. இன்னொரு கண்டு, அதுவும் அப்படித்தான். பருத்தி நூலுக்கும் வயசாகும். நல்ல நூல் இழுத்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்து, 'டப்'பென்று அறும். உங்களுக்கு அறுகிறது என்கிறீர்களே, வீட்டில் கிடந்த நூலா என்று முதலில் பாருங்கள்.

புது நூலும் அறுகிறதென்றால் ஊசியை மாற்றுங்கள். பத்து ரூபாய் ஊசியை மாற்றச் சோம்பல்பட்டு மிஷினைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். துண்டு இணைக்க 14-ஆம் நம்பர், மூன்று அடுக்குக்கு 16. பெரிய கோனை மிஷின் ஆணியில் மாட்டினால் நூல் இழுபடும். மிஷினுக்குப் பின்னால் ஒரு குவளைக்குள் நிறுத்தி, நூல் மேல்பக்கமாக உருவி வரும்படி விடுங்கள். பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, தளர்த்துங்கள். அடியில் வளையம் வளையமாக விழுந்தால் மேல்நூலை முழுக்கக் கழற்றி, துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு மறுபடி கோருங்கள். பாதி நேரம் அதோடு சரியாகிவிடும்.

இணைப்புக்கு நிறம் பொருத்த ஒவ்வொரு சதுரத்துக்கும் நூல் மாற்ற வேண்டியதில்லை. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு எல்லாம் கலந்த துணிக்கு ஒரு மங்கலான பழுப்போ சாம்பலோ போதும், எல்லாவற்றிலும் அடங்கிவிடும்.

மூன்று அடுக்கையும் சேர்க்கிற நூல் வேறு ஜாதி. இது மேலே தெரியத்தான் வேண்டும். 40 நம்பர், மூன்று புரிப் பருத்தி எடுப்பாக இருக்கும். கண்டில் பார்க்கிற நிறம் தையலில் ஒரு படி வெளுத்துத் தெரியும், அதனால் கொஞ்சம் அடர்த்தியாகவே எடுங்கள். கையால் தைப்பதற்கென்றே மெழுகுப் பூச்சோடு விறைப்பாக ஒரு குயில்ட் நூல் வரும். அதைக் கைக்கு மட்டும் வையுங்கள், மிஷினில் போட்டால் பூச்சு உதிர்ந்து டென்ஷன் தட்டில் அப்பிக்கொள்ளும்.

எவ்வளவு நூல் வேண்டும்? 60-க்கு 90 அங்குல விரிப்பில் மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு, நீளவாக்கில் 20 கோடு என்றால் 1800 அங்குலம், சுமார் 46 மீட்டர் தையல். மேலும் கீழுமாக மிஷின் அதைப் போல மூன்று மடங்கு நூல் தின்னும்: 140 மீட்டர். குறுக்கிலும் தைத்தால் இன்னொரு 140. சின்னக் கண்டு பாதியில் தீர்ந்து, அடுத்த முறை அதே நிறம் கிடைக்காமல் நிற்பதைவிட ஒரு கோனாக வாங்கிவிடுவது நல்லது.

இனி முடிக்கிற வேலை. நம் ஊர் வெயிலுக்கு உள்ளே கனத்த பஞ்சு வேண்டாம். இலவம்பஞ்சு கூடவே கூடாது, ஒரே துவைப்பில் மூலைக்கு ஓடிவிடும். பழைய பருத்தி வேட்டி ஒன்றை நடு அடுக்காகப் போடுங்கள். அடித்துணி புதுசு என்றால் நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் எடுத்துவிட்டு வெட்டுங்கள். மேல்துணி ஏற்கெனவே ஆயிரம் முறை துவைத்துச் சுருங்கியது, இதுதான் புதிதாகச் சுருங்கி எல்லாவற்றையும் இழுத்துவிடும். மேல்துணியை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எங்கெங்கே நெசவு சல்லடையாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் உள்பக்கம் ஒரு மெல்லிய துண்டு வைத்துவிடுங்கள்.

அடுக்குவதற்கு நம் வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரை மாதிரி இடம் உலகத்தில் கிடையாது. வழவழப்பு, சமதளம், கல்லும் கல்லும் சேருகிற கோடே அளவுகோல். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, கல்கோட்டோடு ஓரத்தை ஒட்டிவைத்து, சுற்றிலும் டேப் போட்டுப் பிடியுங்கள். இழுத்துக் கட்டாதீர்கள், சுருக்கம் இல்லாமல் கிடந்தால் போதும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேல்துணி. மற்ற இரண்டும் மேல்துணியைவிடச் சுற்றிலும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நடுவிலிருந்து வெளியே நீவிவிட்டு, கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள், இல்லாவிட்டால் பெரிய பெரிய நூலோட்டம் போடுங்கள். ஊசி நுனி தரையில் கீறாமல் இருக்க ஒரு ஸ்பூனைக் கையில் வைத்து நுனியை அதில் ஏற்றி எடுக்கலாம்.

கறுப்புக் காலடி மிஷின் என்றால் மேலே பிரஷர் ஃபுட் கம்பியின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் மேல்துணி முன்னே தள்ளிப்போகாது. தையல் நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் கோடு நடுவில், பிறகு அங்கிருந்து வெளிப்பக்கம். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் துணி பொம்மிக்கொண்டு நிற்கும், அப்புறம் பிரிப்பதுதான் வேலை. பூ, கொடி என்று ஆசைப்பட்டுப் பாதியில் விட்ட குயில்ட்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். கண்டாங்கியிலேயே கட்டமும் கோடும் இருக்கிறது, அதன்மேலேயே ஓட்டுங்கள்.

ஓரத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டை. நேர் ஓரம்தான் என்பதால் கிராஸ் பீஸாக, அதாவது துணியைச் சாய்வாக, வெட்டத் தேவையில்லை. மேலே சொன்ன அளவுக்குச் சுற்றளவு 300 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் எட்டுப் பட்டை வெட்ட வேண்டும், 60 சென்டிமீட்டர் வாங்கினால் மிச்சமிருக்கும். பட்டைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்து, மடிக்காத ஓரத்தை மேல்துணி ஓரத்தோடு வைத்துத் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, துணியை வெளியே எடுத்து, பட்டையை நேர் மேலே ஒரு மடிப்பு, அப்படியே கீழே ஒரு மடிப்பு. மேல்மடிப்பு ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அங்கிருந்து அடுத்த பக்கம். பின்பக்கம் திருப்பும்போது மூலை தானாகச் சாய்மடிப்பாக உட்காரும். பின்பக்கத்தைக் கையால் எம்மிங் செய்வதே என் கட்சி. சேலையின் பெரிய கரையை ஓரப்பட்டையாகப் போடச் சிலர் கேட்பார்கள், பார்க்க அழகுதான், ஆனால் இரட்டையாக மடித்தால் ஊசி இறங்காது. ஒற்றையாக மடித்தால் சரி.

ஒன்றே ஒன்று, பிள்ளை படுக்கிற விரிப்பு என்பதால்: ஊக்குகளைக் குத்துவதற்கு முன்பே எண்ணி ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓரம் அடிப்பதற்கு முன் கழற்றி எண்ணும்போது கணக்கு ஒன்று குறைந்தாலும் தடவித் தேடி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.