பழைய குட்டி யானை வாங்கினால் பராமரிப்பு கட்டுப்படியாகுமா?

காய்கறி வியாபாரம் தொடங்கக் குட்டி யானை என்று சொல்லும் பழைய டாடா ஏஸ் சரக்கு வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், தினசரி வைத்துப் பராமரிக்கக் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தாராபுரம் கடைகளுக்கு ஒன்பது வருடமாகத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப் போகிறேன். கட்டுப்படியாகும். ஆனால் நீங்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான்.

2005-இல் வந்த அந்த முதல் மாதிரி வண்டிதான் என்னுடையதும். 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். ஏற்றக்கூடிய எடை 750 கிலோ. எங்கள் பக்கம் தக்காளிப் பெட்டி ஒன்று சுமார் 14 கிலோ. காலிப் பெட்டியின் எடையையும் சேர்த்தால் 45 பெட்டிக்கு மேல் கணக்கு ஒத்துவராது. ஆனால் வண்டியில் இடம் இருக்கும். "இன்னும் பத்து வைங்கண்ணே, தாங்கும்" என்று லோடுமேன் சொல்வார். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நான் சொல்லவில்லை. வாங்கிய இரண்டாம் வருடம், பொங்கலுக்கு முந்தைய வாரம், 70 பெட்டி ஏற்றினேன். கள்ளிமந்தையம் தாண்டி ஒரு வேகத்தடையில் 'படார்' என்று சத்தம். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. பாரத்தைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் பெரியதான மெயின் பட்டை, அடுக்கை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை ஒட்டி முறிந்திருந்தது. வேறு வண்டி வரவழைத்துச் சரக்கை மாற்றுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாதித் தக்காளியை வந்த விலைக்குக் கொடுத்தேன்.

பட்டறையில் முறிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முறிவின் ஒரு பாதி பளபளவென்று புது இரும்பாக இருந்தது. மறு பாதி பழுப்பேறிப் போயிருந்தது. பல நாளாகவே விரிசல் விட்டிருந்த இடம் அது; வேகத்தடை மிச்சத்தை முடித்து வைத்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஞாயிறு காலை வண்டியைக் கழுவியதும், அடியில் டார்ச் அடித்துப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். கோடு போட்டாற்போல் துரு கசிந்திருந்தால் திங்கள்கிழமை லோடு கிடையாது. பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளையும் அப்போதே ஒரு தடவை முடுக்கிவிடுவேன்.

அடுத்தது கிரீஸ். முன்சக்கரம் திரும்பும் கிங் பின்னுக்கும், இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸுக்கும் அடியுங்கள். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் போடும்போது அடியில் 'டக்' என்று கேட்டால் கிராஸ் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் தினமும் காலையில், இன்ஜின் சூடாகும் முன்பே, ஆயிலும் கூலன்ட்டும் பார்த்துவிடுவேன். கூலன்ட் குறைகிறதென்றால் எங்கே போகிறதென்று தேடுங்கள். தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினால் இன்ஜின் சூடேறி, அதன் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும். டீசலையும் வற்ற விடாதீர்கள். டீசல் குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டால் நடுரோட்டில் அந்தக் காற்றை வெளியேற்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு லோடோடு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் வருகிறது. திடீரென்று குறைந்தால் முதலில் டயர் காற்றைத்தான் பார்ப்பேன். 12 அங்குலச் சின்னச் சக்கரம், காற்றுக் குறைந்தால் சீக்கிரம் சூடேறிவிடும். அப்புறம், தக்காளிச் சாறு தகரத்தைத் தின்றுவிடும். சரக்கு இறக்கிய அன்றே பாடியைக் கழுவுங்கள்.

காகிதச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று எடுக்க வேண்டும். இன்சூரன்ஸில் 7.5 டன் வரைக்கும் சரக்கு வண்டிக்கு ஒரே தர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான) கட்டணம்தான்; அது 2022-இல் 16,000 ரூபாய்க்குச் சற்று மேல். வண்டி சின்னது என்று தள்ளுபடி கிடையாது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் பர்மிட் வேண்டாம். உங்கள் கார் லைசென்ஸே போதும். 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை அதை வைத்து ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாங்கப் போகும்போது ஒரு டார்ச்சும் விரிக்க ஒரு சாக்கும் எடுத்துப் போங்கள். பெயின்ட்டையும் சீட் கவரையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். பட்டை ஒரு பக்கம் மட்டும் புதுசாக இருந்தால் இதற்கு முன் என்ன லோடு ஓட்டினீர்கள் என்று கேளுங்கள். செங்கல், எம்-சாண்ட் என்று பதில் வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.