வரையத் தெரிந்த மகளுக்குக் கடன் வாங்கிப் பட்டம் வேண்டாம்

ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பள்ளி இறுதியாண்டில் உயிரியல் படிக்கிறாள். பாட நோட்டின் ஓரமெல்லாம் எறும்பு, இலை, தவளை. பரீட்சை நெருங்கும் நேரத்திலும் ஒரு நத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாளாம். குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வரைவதுதான் என் வேலை என்று சொல்லிவிட்டாள். பெரியப்பா மருத்துவம் என்கிறார். சித்தி, "வரைவதுதான் வேண்டுமென்றால் பேர் பெற்ற டிசைன் கல்லூரியில் அனிமேஷன் படிக்கட்டும், கடன் வாங்கிக் கட்டிவிடலாம்" என்று நடுவழி சொல்லியிருக்கிறார். படம் வரைந்து பிழைக்க முடியுமா, எனக்குத் தூக்கமே வருவதில்லை என்று முடிகிறது கடிதம்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. மருத்துவத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார், அந்த வழியின் செலவும் சிரமமும் எல்லாருக்கும் தெரிந்தவை. என்னைப் பயமுறுத்துவது சித்தியின் யோசனைதான். நல்ல மனதோடு சொன்னது, இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்துவது. அதனாலேயே வீட்டில் எல்லாரும் சீக்கிரம் தலையாட்டிவிடுவீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கக் கடிதத்தில் பெரியப்பா சொன்னது இருக்கிறது, சித்தி சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் என்ன படிக்கிறான் என்பதுகூட இருக்கிறது. மகள் ஏன் நத்தையை வரைகிறாள் என்று ஒரு வரி இல்லை. அதைக் கேட்காமல் எந்தக் கல்லூரி விண்ணப்பத்தையும் நிரப்பாதீர்கள்.

அனிமேஷனும் படப்புத்தகமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருக்கும். உள்ளே வேலை வேறு. ஸ்டூடியோவில் பெரும்பாலும் வேறொருவர் உருவாக்கிய பாத்திரத்தை, குழுவோடு, குறிப்பிட்ட மென்பொருளில், கெடுவுக்குள் அசைய வைக்க வேண்டும். அதை ரசித்துச் செய்கிறவர்கள் நிறைய; தப்பே இல்லை. படப்புத்தகத்தில் ஒரே ஆள் மாதக்கணக்காக ஒரு சின்ன உலகத்தோடு தனியாக உட்கார வேண்டும். உங்கள் மகள் கேட்பது இரண்டாவதை. முதலாவதற்குப் பெரிய தொகை கட்டிவிட்டு, 'வரையத்தானே அனுப்பினோம்' என்று அவளிடம் சொல்லக் கூடாது.

அப்புறம் பட்டம். குழந்தைப் புத்தகப் பதிப்பகத்தின் கலை இயக்குநர் சான்றிதழைக் கேட்பதில்லை, படங்களைக் கேட்கிறார். 'பீட்டர் ராபிட்' முயல் கதையை எழுதி வரைந்த ஆங்கிலேயப் பெண்மணி பியாட்ரிக்ஸ் பாட்டர் கல்லூரிக்கே போனதில்லை. வீட்டில் முயல் வளர்த்தார், காளான்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897ல் லண்டனில் லின்னியன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் அமைப்பின் முன் வைக்கப்பட்டது. பெண் என்பதால் அவரே போய் அதை வாசிக்க முடியவில்லை. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய தன் முயல் கதையை 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதி அச்சிட்டார், அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1967ல் வந்த ஒரு காளான் கையேட்டில் அவருடைய ஓவியங்களைப் போட்டார்கள். கதைப் புத்தகத்துக்கும் அறிவியல் நூலுக்கும் ஒரே கை பயன்பட்டது. இலை, புழு, பூச்சி என்று நிறைய வரைந்த அமெரிக்கப் படப்புத்தக ஓவியர் எரிக் கார்ல் வேறு மாதிரி வந்தவர்: விளம்பர நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவரின் முதல் படப்புத்தகம் 1967ல், நாற்பதை நெருங்கும் வயதில் வந்தது. உங்கள் மகளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

சரி, அந்த வேலை உண்மையில் என்ன? இதை வீட்டில் யாரும் விசாரித்திருக்க மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் எட்டெட்டாக, பதினாறு பதினாறாகத்தான் வரும். அதனால் வந்த கணக்கு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போனால் கதைக்கு 12 முதல் 14 விரிப்பு மிஞ்சும். விரிப்பு என்றால் புத்தகத்தைத் திறந்ததும் தெரியும் இடது வலது இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே படம். அந்தப் பன்னிரண்டு சொச்சம் படங்களில் ஒரு கதை தொடங்கி, சிக்கி, தீர வேண்டும். முதலில் கட்டைவிரல் அளவுக் கட்டங்களில் மொத்தப் புத்தகத்தையும் கிறுக்கிப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டோரிபோர்டு, அதாவது கதையைக் காட்சி காட்சியாக வரிசைப்படுத்திய படங்கள். பிறகு வெள்ளைத் தாளை மடித்துத் தைத்து, பென்சில் படம் ஒட்டி ஒரு டம்மிப் புத்தகம். அதைக் கையில் வைத்துப் புரட்டினால்தான் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தெரியும். தவளை எங்கே போனது என்ற கேள்வி வலது பக்கத்தில் இருக்க வேண்டும். பதில் பக்கத்தைப் புரட்டிய பிறகு வர வேண்டும். இதைத் தவறவிட்டால் எவ்வளவு அழகான படமும் குழந்தையை இழுக்காது.

நடு மடிப்பில் முகம் வந்தால் தையல் அதை விழுங்கிவிடும். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். எழுத்துக்கு இடம் விட வேண்டும், அந்த இடம் காலியாகத் தெரியவும் கூடாது. இயற்கையை வரைகிறவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையை அச்சகத்தின் நான்கு வண்ண மையில் அப்படியே கொண்டுவர முடியாது, மங்கிப்போகும். காடு வரைகிறவர் இதை முதல் அச்சுப் படியிலேயே கற்றுக்கொள்வார், கொஞ்சம் வருத்தத்தோடு.

நத்தைக்குப் பக்கத்தில் அவள் செலவழித்த நேரத்துக்கு இங்கேதான் மதிப்பு. எறும்பின் ஆறு கால்களும் நடு உடம்பிலிருந்துதான் புறப்படும், வயிற்றிலிருந்து புறப்படாது. பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு வெறும் ஓட்டோடு தொங்கும். பட்டு நூல் சுற்றிக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி இனங்கள். சில செடிகளில் இலைகள் எதிரெதிரே, சிலவற்றில் மாறி மாறி. இவற்றைக் கவனித்த கை, பிறகு எறும்புக்குச் சட்டையே போட்டுவிட்டாலும் குழந்தை அதை எறும்பென்று நம்பும். புகைப்படத்தைப் பார்த்து நகலெடுக்கும் கையில் இந்தத் தெளிவு வருவதில்லை. உயிருள்ளதைப் பார்த்து வரைந்த நோட்டுகள்தான் அவளுடைய மூலதனம். பழைய நோட்டுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது அவளுக்கு ஒரு சோதனை. ஒரே அணிலைப் பன்னிரண்டு சூழ்நிலையில் வரையச் சொல்லுங்கள்: தூங்கும்போது, பயந்து, மழையில், பின்பக்கமிருந்து, இருட்டில், திருட்டுத்தனமாக. எல்லாவற்றிலும் அது அதே அணிலாக இருக்க வேண்டும். நான்காவது படத்தில் சலித்துப்போய், 'இந்த வாலின் முடியை மட்டும் ஒழுங்காக வரைகிறேனே' என்று கேட்டால் அவளுக்குக் கதையில் நாட்டமில்லை, உயிரினத்தில்தான் நாட்டம். அது தோல்வி ஆகாது. அவளுக்குத் தாவரவியல், விலங்கியல் விளக்கப்படம் என்ற இன்னொரு வேலை இருக்கிறது. கர்ட்டிஸ் தாவரவியல் இதழ் என்ற ஆங்கிலப் பத்திரிகை 1787ல் தொடங்கியது; ஓவியர்கள் கையால் தீட்டிய செடிகளோடு இன்றும் வருகிறது. கேமரா இருக்கும் காலத்தில் ஏன் என்று தோன்றும். மொட்டு, பூ, காய், விதை, குறுக்கு வெட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் தெளிவாகக் காட்ட ஓவியரால்தான் முடிகிறது. கதை, உயிரினம் இரண்டில் அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். பெரியப்பாவோ நானோ சொல்ல முடியாது.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் பரிந்துரை ஒன்றே: செலவு குறைந்த ஒரு சாதாரணக் கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ இளங்கலை. கல்லூரிக்குப் பேர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வகைப்பாடு கற்பாள், நுண்ணோக்கி கிடைக்கும், களப்பயணம் போவாள், மாலையில் வரைய நேரம் இருக்கும். மூன்று நான்கு ஆண்டு கழித்து அவளிடம் ஒரு அறிவியல் பட்டமும் வரைந்து நிரப்பிய நோட்டுகளும் இருக்கும், கடன் இருக்காது. வரைகலை, அச்சு நுட்பம் போன்றவற்றைக் குறுகிய வகுப்புகளில் தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம்.

கடன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் பணம் வரும் விதம். பதிப்பகம் முன்பணம் தந்தாலும் அதை ஒரேயடியாகத் தருவது அபூர்வம்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஒரு பங்கு, பென்சில் படம் ஏற்கப்பட்டதும் ஒரு பங்கு, இறுதிப் படம் கொடுத்ததும் ஒரு பங்கு. ஒரு புத்தகம் வரைய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ராயல்டியை, அதாவது விற்பனையில் வரும் பங்கை, எழுத்தாளரும் ஓவியரும் பங்கிட்டுக்கொள்வார்கள்; அதுவும் முன்பணம் விற்பனையில் கழிந்த பிறகுதான் கைக்கு வரும். வங்கித் தவணை இப்படிக் காத்திருக்காது, மாதா மாதம் வந்து நிற்கும். கடனோடு வெளியே வரும் பிள்ளை முதலில் கிடைக்கும் ஸ்டூடியோ வேலையில் சேர்ந்து, தவணை முடியும்வரை அங்கேயே இருப்பாள். படப்புத்தகம் 'அப்புறம்' ஆகிவிடும். எந்தக் கல்லூரியின் பேரும் இதை ஈடுகட்டாது.

படப்புத்தகத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் குறைவு, இதை அவளிடமும் மறைக்க வேண்டாம். பெரும்பாலானோர் பக்கத்தில் இன்னொன்று வைத்திருப்பார்கள்: பாடநூல் படங்கள், பறவை, பூச்சிக் கையேடுகள், தாவரவியல் பூங்காவிலும் உயிரியல் பூங்காவிலும் அருங்காட்சியகத்திலும் வைக்கும் விளக்கப் பலகைகள், பள்ளிகளில் வரைதல் பட்டறை. இந்த வேலைகளைத் தருகிறவர்கள், இது எந்த இனம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஓவியரைத் தேடுகிறார்கள். மேலே சொன்ன இளங்கலைப் பட்டம் அங்கே சோறு போடும்.

பதிப்பகத்துக்குக் காட்டும் மாதிரிப் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பத்துப் பதினைந்து படம் போதும். அதில் ஒரே பாத்திரம் தொடர்ந்து வரும் மூன்று படமாவது இருக்கட்டும். மனிதக் குழந்தைகளும் வேண்டும். இயற்கையை மட்டும் வரைபவர்கள் தடுமாறுவது இங்கேதான். எழுத்தாளரைத் தேடி அவள் அலைய வேண்டாம், கதைக்கேற்ற ஓவியரைத் தேர்ந்தெடுப்பது பொதுவாகப் பதிப்பகம்தான். இத்தாலியின் போலோஞா நகரில் 1964 முதல் குழந்தைப் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, அதோடு சேர்ந்த ஓவியர் கண்காட்சி 1967 முதல். ஐந்து படம் அனுப்ப வேண்டும். ஒரு புத்தகம்கூட வெளிவராதவர்களும் அனுப்பலாம். அங்கே நேரில் போவதற்காகவும் கடன் வாங்க வேண்டாம்.

கணினி படம் வரையும் காலத்தில் இது எதற்கு என்று சித்தி கேட்பார். மலிவான, அவசரமான, யார் வரைந்தாலும் ஒன்றுதான் என்கிற வேலைகளில் அடி விழத்தான் செய்கிறது. ஆனால் முழுக்க இயந்திரமே உருவாக்கிய படத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தருவதில்லை. பதிப்பகத் தொழிலே உரிமையை நம்பி நடப்பது, அதனால் அங்கே இது சின்ன விஷயம் இல்லை. அவளுடைய பாதுகாப்பு அவளுக்கென்று ஒரு பார்வை இருப்பதுதான். அதற்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளை மலிவாகக் கழிக்கத்தான் இவ்வளவும் சொன்னேன்.

முதல் வாய்ப்பு வரும்போது வீட்டில் எல்லாரும் சந்தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடச் சொல்வீர்கள். ஒரே தொகை கொடுத்து எல்லா உரிமையையும் நிரந்தரமாக எழுதி வாங்குகிறார்களா என்று பாருங்கள். பதிப்புரிமை அவள் பெயரில் இருக்கட்டும், புத்தகமாக வெளியிடும் உரிமையை மட்டும் கொடுக்கட்டும். பெயர் அட்டையில் வருமா, மூல ஓவியங்கள் திரும்பி வருமா, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 'உனக்குப் பேர் கிடைக்கும்' என்று இலவசமாக வரையச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

பரீட்சை முடிந்ததும், கல்லூரி விண்ணப்பக் கெடுவுக்கு முன்னால், 32 பக்க டம்மி ஒன்றைப் பென்சிலிலேயே அவள் செய்யட்டும். வண்ணம் வேண்டாம், நீங்கள் உதவவும் வேண்டாம். முடித்தால் எனக்கு அனுப்புங்கள். பாதியில் விட்டாலும் அனுப்புங்கள்; எந்தப் பக்கத்தில் நின்றாள் என்று பார்த்துவிட்டு, அவளையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.