கேஸ் வலி என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லோஸ் நோய் என்று மரபணுப் பரிசோதனையில் தெரியவந்தது. ‘தமனி வெடித்தால் ஆபரேஷனே ஆபத்து’ என்கிறார் டாக்டர். அப்படியானால் அவசரத்தில் என்னதான் செய்வார்கள்?

பதில்: ஆபரேஷனே கூடாது என்பதில்லை, வழக்கமான முறை உதவாது. இந்த நோயில் பழுது சிஓஎல்3ஏ1 மரபணுவில். தமனிச் சுவருக்கு வலுத் தரும் மூன்றாம் வகை கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாவதில்லை. நனைந்த காகிதத்தைத் தைத்துப் பாருங்கள். ஊசி போன துளையிலிருந்தே கிழியும். தமனியும் அப்படித்தான். ரத்தத்தை நிறுத்தப் போடும் உலோகக் கிளாம்ப் (இடுக்கி) கடித்த இடத்தில் புதிய கிழிசல் விழும், அதைத் தைத்தால் பக்கத்தில் இன்னொன்று.

அதனால் முதலில் சி.டி. ஆஞ்சியோகிராம், அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன். இதற்குக் கையில் போடும் சாதாரண ஊசியே போதும். படம் பார்ப்பதற்காக மட்டும் தொடைத் தமனியில் குழாய் விடக்கூடாது. குத்திய இடமே கிழியலாம். ரத்தம் ஏற்றும்போதும் பிரஷரை அதிகம் உயர விடமாட்டார்கள். கசிவு தானாக அடங்கி நின்றிருந்தால், கத்தி வைக்காமல் ஐ.சி.யு.வில் வைத்துக் கவனிப்பதும் உண்டு. மண்ணீரல், கல்லீரல் தமனிகள் உடைந்தால் மிக மெல்லிய குழாய் வழியே ‘காயில்’ எனும் சிறு உலோகச் சுருளை வைத்து அடைக்கலாம்.

வயிற்றைத் திறந்தே ஆகவேண்டுமென்றால், அந்த ரத்த ஓட்டம் நின்றாலும் உறுப்பு தாங்கும் இடங்களில் தமனியைச் சரிசெய்ய முயல்வதைவிட நூலால் கட்டி மூடிவிடுவதே பாதுகாப்பு. கிளாம்புக்கு ரப்பர் உறை போட்டு, ரத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். தைத்தாக வேண்டிய இடத்தில் இழுப்பு இல்லாமல், தையலுக்கு அடியில் ஃபெல்ட் (மெத்தென்ற துணி) துண்டு வைத்துத் தைப்பார்கள்.

இவ்வளவும் டாக்டருக்கு நோயின் பெயர் தெரிந்தால்தான் நடக்கும். 26 வயதுப் பையன் வயிற்றுவலி என்று வந்தால் தமனி யாருக்கும் நினைவுக்கு வராது. திடீரென்று மார்பு, வயிறு, முதுகில் கடும் வலி வந்தால் கேஸ் (வாயுத் தொல்லை) என்று ஒருமணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். 108-ல் ஏறும்போதே நோயின் பெயரைச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் படம் வீட்டில் எல்லார் போனிலும் இருக்கட்டும். குடலும் இந்த நோயில் கிழியக்கூடும் என்பதால் வயிற்று சி.டி. வேண்டுமென்று வற்புறுத்துங்கள். ரத்தக்குழாய் சர்ஜன், காயில் வைக்கும் வசதி, ரத்த வங்கி மூன்றும் உள்ள மருத்துவமனை எதுவென்று இப்போதே விசாரித்து, அங்கே ஒரு ஃபைல் திறந்துவையுங்கள்.

நீங்களும் பெற்றோரும் அதே மரபணுவைச் சோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. நீங்கள் பெண்ணாக இருந்தால் கருத்தரிக்கும் முன்பே முடிவு கையில் இருக்கவேண்டும். பிரசவத்தை ஒட்டிக் கருப்பையும் கிழியலாம்.