பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்

கேள்வி: 'சூர் ல பான்' என்ற 1954-ஆம் ஆண்டு பிரெஞ்சு நகைச்சுவைப் படத்துக்குப் போன இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ரேடியோவில் ஓடிய தொடரைக் காசுக்காகப் படமாக்கினார்கள். அதிலும் வீடில்லாதவர்களைக் கேலி செய்து! இதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: காசுக்காகத்தான் எடுத்தார்கள், சரி. 1949 முதல் ரேடியோ லக்சம்பர்க்கில் கேட்ட குரல்களுக்கு முகம் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்று யாருக்கும் தெரிந்திருக்கும். போருக்குப் பிறகு பிரான்சுக்குள் வானொலி அரசின் ஏகபோகம். எல்லைக்கு வெளியே இருந்து விளம்பரத்தை நம்பி ஒலிபரப்பிய நிலையம் அது.

கேலி என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பாரிஸில் ஒரு பெஞ்சு. அதில் லா உர்லெட், கார்மென் என்று வீடு வாசல் இல்லாத இருவர். நடித்தவர்கள் ரெமோன் சூப்ளெக்ஸ், ஜேன் சூர்சா. எழுதியவரும் சூப்ளெக்ஸ்தான். அன்றாட அரசியலைப் பாட்டிலும் பேச்சிலும் கிழிக்கும் மேடைக் கலைஞர் அவர். அந்த இருவரும் ஊர்ச் செய்தியை அலசும்போது அடி விழுவது மாடிவீட்டுக்காரர்களுக்கு. பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்க வைக்கிறார்களே தவிர, சிரிப்புக்கு இரையாவதில்லை. இந்த வித்தியாசத்தைத் தாங்கள் கவனிக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1954, பிப்ரவரி 1. அதே ரேடியோ லக்சம்பர்க்கில் பாதிரியார் அபே பியேர் வீடில்லாதவர்களுக்காகப் பேசினார். பாரிஸில் செபாஸ்டபோல் சாலை நடைபாதையில் ஒரு பெண் இரவுக் குளிரில் உறைந்து செத்துப்போயிருந்தார். வீட்டைவிட்டு வெளியேற்றிய உத்தரவை அப்போதும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டு ஜனங்கள் போர்வையும் பணமுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். பெஞ்சுத் தொடர்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் வீடில்லாதவனுக்கும் பெயரும் கோபமும் புத்தியும் உண்டு என்று அந்த நிலையத்தின் நேயர்கள் ஏற்கெனவே வருஷக்கணக்காகக் கேட்டிருந்தார்கள்.

படமாகப் பார்த்தால் குறை உண்டு. 'மாண்டி கிறிஸ்டோ' கதையை எடுத்த ரொபேர் வெர்னேதான் இதற்கும் இயக்குநர். ரேடியோவில் இருவரும் எழுந்திருக்கவே வேண்டாம், பேச்சே போதும். சினிமா அவர்களை எழுப்பி நடக்கவைத்துக் கதைக்குள் தள்ளுகிறது. அந்த இடங்களில் எனக்கும் சுவாரசியம் குறைகிறது. திரும்ப உட்கார்ந்து வாயைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

சூப்ளெக்ஸை இன்று பலரும் 1958-இல் தொடங்கிய டிவி தொடரின் இன்ஸ்பெக்டர் பூரெலாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். சூர்சாவுக்கு அந்த அளவு நினைவுகூட மிஞ்சவில்லை. இருவரையும் அவர்கள் பெயர் வாங்கிய வேஷத்திலேயே பார்க்க இந்தப் படம் இருக்கிறது. பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.