மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணுமா, கவுன்சிலிங்குக்கு காத்திருக்கலாமா?

கேள்வி: அறந்தாங்கி பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, கட்ஆஃப் 171, பிசி, படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி. வீட்ல யாரும் டிகிரி முடிச்சதில்ல. அரசு நடத்துற இன்ஜினியரிங் சேர்க்கையான டிஎன்இஏ கவுன்சிலிங்குக்கு பதிவு பண்ணி ரேங்க்கும் வந்தாச்சு. ஆனா ஒரு தனியார் காலேஜ்ல இருந்து தினமும் போன் பண்ணி "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் முடியப் போகுது, 50 ஆயிரம் அட்வான்சும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கொடுத்தா சீட் உறுதி"ங்கறாங்களாம். சொந்தக்காரங்க வேற, கவுன்சிலிங்ல நல்ல காலேஜ் கிடைக்காதுன்னு பயமுறுத்துறாங்க. நல்ல காலேஜ் எதுன்னு நாங்க எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குறாங்க.

பதில்:

அக்கா, அந்த 50 ஆயிரத்தை கட்டாதீங்க, ஒரிஜினலையும் கையை விட்டு கொடுக்காதீங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டை காலேஜ் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லயே அறிவிப்பு போட்டிருக்கு, இருந்தாலும் ஒரு தடவை உள்ள போயிடுச்சுன்னா திருப்பி வாங்க பெத்தவங்க எத்தனை நடை நடக்க வேண்டியிருக்குன்னு வருஷா வருஷம் பாத்துட்டுதான் இருக்கேன். சீட் முடியப் போகுதுங்கறதும் உங்களை அவசரப்படுத்தத்தான். ஒரு பிராஞ்சுக்கு இவ்வளவுதான் சீட்னு இருந்த உச்சவரம்பை நல்லா நடக்குற காலேஜுங்களுக்கு, இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி கொடுக்கற ஏஐசிடிஇ 2024-25ல இருந்து எடுத்துடுச்சு, அதுக்கப்புறம் நிறைய காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை ஏத்திட்டாங்க. இன்னைக்கு தமிழ்நாட்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு பஞ்சமே இல்ல, சொல்லிக் கொடுக்கற ஆளுக்குத்தான் பஞ்சம்.

இன்னொன்னும் இருக்கு, இதை உங்ககிட்ட அந்த போன் பண்றவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. பொண்ணு முதல் பட்டதாரி. கவுன்சிலிங் மூலமா சேந்தா வருஷத்துக்கு 25 ஆயிரம் டியூஷன் ஃபீஸ்ல கழியும், நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். காலேஜே நேரடியா கொடுக்கற மேனேஜ்மென்ட் சீட்ல சேந்தா அது கிடையாது. ஃபீஸும் ஏறும், 2017ல கட்டணக் குழு நிர்ணயிச்சப்ப கவுன்சிலிங் சீட்டுக்கு 50 ஆயிரம், அங்கீகாரம் வாங்கின பிராஞ்சுக்கு 55 ஆயிரம், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85லேந்து 87 ஆயிரம்னு வெச்சாங்க (இந்த வருஷ ஆர்டரை ஒரு தடவை பாத்துக்குங்க). அதுக்கு மேல பஸ், ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்னு தனித்தனியா கேப்பாங்க, அதனால மொத்தம் எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னும் எடுக்கலன்னா நாளைக்கே இ-சேவை மையத்துக்கு போங்க. 7.5 சதவீத ஒதுக்கீடு உங்க பொண்ணுக்கு வராது, அது ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மட்டும்தான், உதவி பெறும் பள்ளி அதுல சேராது. சில பேர் இது தெரியாம அதை நம்பிக்கிட்டு இருக்காங்க, அதான் சொல்றேன்.

சரி, நல்ல காலேஜ் எதுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது. நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், காலேஜ் பேரை பாக்காதீங்க, உங்க பொண்ணு உக்காரப் போற டிபார்ட்மென்ட்டை பாருங்க. ஒரே கேம்பஸ்ல ஒரு டிபார்ட்மென்ட் அருமையா இருக்கும், பக்கத்து பில்டிங்ல இருக்கற டிபார்ட்மென்ட்ல செமஸ்டருக்கு ஒரு வாத்தியார் மாறுவார். தரத்தை பாத்து கொடுக்கற சான்று ரெண்டு இருக்கு: நாக் கிரேடு முழு காலேஜுக்கும் கொடுக்கறது, ஆனா என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனி. போர்டுல "என்பிஏ அங்கீகாரம் பெற்றது"ன்னு பெருசா எழுதியிருப்பாங்க, அது மெக்கானிக்கலுக்கு வாங்கினதா இருக்கும், புதுசா ஆரம்பிச்ச ஏஐ டேட்டா சயின்ஸுக்கு இருக்காது. எந்த பிராஞ்சுக்கு, எந்த வருஷம் வரைக்கும்னு கேளுங்க.

அடுத்து என்ஐஆர்எஃப், அதாவது மத்திய அரசு போடற காலேஜ் ரேங்க் பட்டியல். ரேங்க்கை விடுங்க, அதுக்காக காலேஜ் கொடுத்த டேட்டா ஷீட்தான் முக்கியம். கலந்துக்கற காலேஜோட வெப்சைட்லயே அந்த பிடிஎஃப் இருக்கணும். அதுல நாலு வருஷ யூஜி கோர்ஸ்னு ஒரு டேபிள் இருக்கும், எத்தனை பேர் சேந்தாங்க, சரியா நாலு வருஷத்துல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது, எத்தனை பேர் மேல படிக்கப் போனாங்க, வேலை கிடைச்சவங்களோட மீடியன் சம்பளம் என்னன்னு வரிசையா போட்டிருக்கும். உதாரணத்துக்கு 400 பேர் சேந்து 250 பேர் டைம்ல முடிச்சு 120 பேருக்கு வேலை, மீடியன் 3 லட்சம்னு இருந்தா, நியூஸ் பேப்பர் விளம்பரத்துல "100 சதவீத பிளேஸ்மென்ட், 24 லட்சம் பேக்கேஜ்"னு போட்டதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே புரிஞ்சுடும். அந்த 24 லட்சம் ஒரே ஒரு பையன் வாங்கினது. மீடியன்னா வேலை கிடைச்சவங்கள்ல பாதிப் பேர் அதுக்கு கீழதான் வாங்கறாங்கன்னு அர்த்தம், உங்க பொண்ணை அங்க வெச்சு யோசிங்க. இது எல்லா பிராஞ்சும் சேந்த கணக்கு, அதனால பிராஞ்ச் வாரியா பிளேஸ்மென்ட் லிஸ்ட் தாங்கன்னு காலேஜ்ல கேளுங்க, ஒழுங்கான காலேஜ் தரும்.

வாத்தியார் விஷயத்தை கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஏன்னா இதை யாரும் பாக்கறதே இல்ல. ஏஐசிடிஇ கணக்குப்படி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல வருஷத்துக்கு 180 சீட்னா நாலு வருஷத்துக்கு 720 பேர், அப்ப 36 ஆசிரியர் வேணும். வெப்சைட்ல பேர் இருக்கும், ஆனா ஆள் இருக்காங்களாங்கறதுதான் கேள்வி. ஒரே ஆளை பல காலேஜ்ல முழுநேர ஆசிரியரா கணக்கு காட்டினதை 2024 ஜூலையில ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியில கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும். அதனால நேர்ல போங்க, அட்மிஷன் ஆபீஸ்ல ஏசி ரூம்ல உக்கார வெச்சு ஜூஸ் கொடுத்து அனுப்பிடுவாங்க, அதோட திரும்பாதீங்க. காலேஜ் நடக்கற நாள்ல போய் சாயங்காலம் பஸ் ஏற நிக்கிற ரெண்டாம் வருஷம் மூணாம் வருஷ பசங்ககிட்ட பேசுங்க. "காலேஜ் எப்படிப்பா"ன்னு கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. "இந்த செமஸ்டர்ல பாதியில எத்தனை சார் மாறினாங்க, லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர் உக்காருவீங்க, உங்க கிளாஸ்ல அரியர் இல்லாதவங்க எத்தனை பேர்"னு கேளுங்க, உண்மை தானா வரும். பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, அவளே கேக்கட்டும், படிக்கப் போறது அவதானே.

அரியர் கணக்கு ஏன் கேக்கச் சொல்றேன்னா, கேம்பஸுக்கு வர்ற நிறைய கம்பெனி பத்தாவதுல இருந்து 60 சதவீதம் இருக்கணும், அரியர் நிலுவையில இருக்கக் கூடாதுன்னு முதல்லயே வடிகட்டிடும். அண்ணா யூனிவர்சிட்டிக்கு கீழ நேரடியா பரீட்சை எழுதற காலேஜோட தேர்ச்சி சதவீதம் செமஸ்டர் வாரியா வெளியாகும், அதை தேடிப் பாருங்க. அட்டானமஸ் காலேஜ் அவங்களே பேப்பர் போட்டு அவங்களே திருத்தறாங்க, அதனால அந்த சதவீதத்தை இதோட ஒப்பிடக் கூடாது.

பிராஞ்ச் பத்தி. எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ்னுதான் சொல்லுவாங்க. பேர் தெரியாத காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸா, நல்ல அரசு காலேஜ்ல ஈசிஇயான்னு (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வந்தா நான் ரெண்டாவதைத்தான் மேல போடுவேன். ஈசிஇ படிச்சவங்களையும் சாஃப்ட்வேர் கம்பெனி எடுக்குது, எலக்ட்ரானிக்ஸ் வேலையும் இருக்கு, எம்.டெக் சேர கேட் (GATE) தேர்வு எழுதலாம், ஃபீஸும் ரொம்ப கம்மி. உங்க பக்கத்துலயே காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு காலேஜ் இருக்கு, 1952ல ஆரம்பிச்சது. செங்கிப்பட்டில தஞ்சாவூர் அரசு பொறியியல் கல்லூரி, சேதுராப்பட்டில ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரி, ராஜாமடத்துல அண்ணா யூனிவர்சிட்டியோட பட்டுக்கோட்டை காலேஜ், திருச்சி பிஐடி கேம்பஸ், இதையெல்லாம் லிஸ்ட்ல வெச்சு பாருங்க. ஆனா பொண்ணுக்கு ஃபிசிக்ஸே பிடிக்காதுன்னா ஈசிஇ வேண்டாம், நாலு வருஷம் கஷ்டப்படுவா.

171க்கு என்ன கிடைக்கும்னு யூடியூப்ல கட்ஆஃப் வெச்சு சொல்றதை நம்பாதீங்க. ஒரு வருஷம் மேத்ஸ் பேப்பர் ஈசியா இருந்தா அதே 171க்கு ரேங்க் பல ஆயிரம் தள்ளிப் போயிடும். டிஎன்இஏ வெப்சைட்ல போன வருஷ அலாட்மென்ட் விவரம் இருக்கு, அதுல பிசி பிரிவுல எந்த காலேஜ் எந்த பிராஞ்ச் எந்த ரேங்க்ல முடிஞ்சதுன்னு பாத்து உங்க ரேங்க்கோட ஒப்பிடுங்க.

சாய்ஸ் போடும்போது எத்தனை வேணா போடலாம். ஆசைப்படற காலேஜை முதல்ல போடுங்க, கிடைக்காதுன்னு தோணினாலும் போடுங்க, கிடைக்கலன்னா அடுத்த சாய்ஸுக்கு தானா போகும், உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. ஆனா போய்ச் சேர மனசு வராத காலேஜை பயத்துல சேக்காதீங்க. காலேஜ் கோடை வெச்சு சரி பாருங்க, ஒரே மாதிரி பேர்ல நாலு காலேஜ் இருக்கு. உதவி பெறும் காலேஜ்ல பிராஞ்ச் பேருக்கு பக்கத்துல எஸ்எஸ்னு இருந்தா அது சுயநிதி சீட், ஃபீஸ் வேற.

தற்காலிக அலாட்மென்ட் வந்ததும்தான் நிறைய பேர் தடுமாறுவாங்க. கிடைச்சதை ஏத்துக்கிட்டு மேல இருக்கற சாய்ஸ் காலியானா மாறிக்கறேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, உங்களுக்கு பெரும்பாலும் அதுதான் சரி, மாறிட்டா பழைய சீட் போயிடும், அதனாலதான் வரிசை முக்கியம். வேண்டாம்னு சொல்லிட்டு மேல மட்டும் காத்திருக்கற ஆப்ஷனை தொடாதீங்க, மேல கிடைக்கலன்னா கையில எதுவும் இருக்காது. இதை உறுதி பண்ண டைம் ரொம்ப கம்மியாத்தான் கொடுப்பாங்க, அந்த நாட்கள்ல ஊர்ல கரன்ட், நெட் நம்பி இருக்காதீங்க, பக்கத்துல இருக்கற டிஎன்இஏ உதவி மையத்துக்கே பொண்ணை கூட்டிட்டுப் போய் போடுங்க, காசு வாங்க மாட்டாங்க. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் மட்டும் எந்த காலேஜ் ஆளுக்கும், எந்த ப்ரவுசிங் சென்டர்காரருக்கும் சொல்லாதீங்க, உங்களுக்கு தெரியாமலேயே சாய்ஸை மாத்திடுவாங்க.